நீல சுவிட்சின் மூன்று சத்தங்கள்: கீபோர்டை அமைதியாக்குவது பற்றி ஒரு குறிப்பு

மெக்கானிக்கல் கீபோர்டு சத்தம் எப்படி இருக்கும் என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பேங்க் கவுன்டரிலும், பத்திரம் டைப் அடிக்கிற கடையிலும், டிக்கெட் கவுன்டரிலும் பல வருஷமாகக் கேட்ட சத்தம்தான். சென்னையைச் சேர்ந்த டிவிஎஸ் எலக்ட்ரானிக்ஸ் விற்ற 'டிவிஎஸ் கோல்டு' கீபோர்டு அந்த இடங்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. கனமான பெட்டி, 104 விசை, ஒவ்வொன்றுக்கும் கீழே தனித்தனி சுவிட்ச். நெடுங்காலம் அதில் இருந்தது ஜெர்மனியின் செர்ரி கம்பெனி செய்த எம்எக்ஸ் நீல சுவிட்ச். வெளிநாட்டில் விளையாட்டுப் பிரியர்கள் தேடித் தேடி வாங்கிய அதே பாகம், இங்கே சீட்டு அடிக்கும் குமாஸ்தாவின் விரலுக்குக் கீழே சத்தமில்லாமல்... இல்லை, நல்ல சத்தத்தோடு வேலை செய்துகொண்டிருந்தது.

பகலில், பத்து பேர் பேசிக்கொண்டிருக்கும் ஆபீசில், அந்தச் சத்தம் யாரையும் தொந்தரவு செய்யாது. அதே வகைக் கீபோர்டு வீட்டுக்கு வந்து, ராத்திரி 11 மணிக்கு அமெரிக்கக் குழுவோடு வேலை பார்க்கும் ஆள் கையில் மாட்டும்போதுதான் சிக்கல். நான் அப்படி ஒரு ஆள். என் கீபோர்டின் நீல சுவிட்சுகளை எடுத்துவிட்டு சத்தம் குறைந்த சுவிட்சுகளைப் போட்டேன். அதற்கு முன்னால் ஒரு கேள்விக்கு விடை தேடினேன். இந்தச் சத்தம் சரியாக எங்கிருந்து வருகிறது? இது தெரியாமல் காசு செலவழித்தால் பாதிச் சத்தம் அப்படியே இருக்கும்.

சத்தத்தை எதற்கு வைத்தார்கள்?

டைப்ரைட்டரில் சத்தம் வேலையின் ஒரு பகுதி. எழுத்து பொறித்த உலோகக் கை பறந்து வந்து ரிப்பனையும் காகிதத்தையும் உருளைமேல் அடித்தால்தான் எழுத்து விழும். அடி இருந்தால் ஓசையும் இருக்கும். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மாடியில் இருபது பேர் ஒரே நேரத்தில் 'லோயர்' பரீட்சைக்குத் தட்டிப் பழகும் சத்தம் கேட்டு வளர்ந்த தலைமுறை நம்முடையது.

அந்தக் காலத்திலேயே இது தொல்லை என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். வெலிங்டன் பார்க்கர் கிட்டர் என்ற அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் 'நாய்ஸ்லெஸ்' என்றே பெயர் வைத்து ஒரு டைப்ரைட்டரை உருவாக்கினார். அதில் எழுத்துக் கை ஓங்கி அடிக்காது. காகிதத்துக்குப் பக்கத்தில் வந்ததும் அழுத்தும். அந்தக் கம்பெனி 1924ல் ரெமிங்டனோடு இணைந்தது. நூறு வருஷத்துக்கு முன்னாலேயே பிடிபட்ட பாடம் இதுதான்: சத்தத்தைக் குறைக்க வேண்டுமானால் மோதும் இடத்தில் மோதலை மெதுவாக்கு. இன்றைய சைலன்ட் சுவிட்சும் இதைத்தான் செய்கிறது.

கம்ப்யூட்டர் வந்த பிறகு விசைக்குக் கீழே எந்த உலோகமும் காகிதத்தை அடிக்க வேண்டியதில்லை. மின் தொடர்பு ஏற்பட்டால் போதும். ஆனால் டைப்ரைட்டரில் பழகிய விரலுக்கு 'அடி விழுந்தது' என்று தெரிய வேண்டியிருந்தது. 1981ல் வந்த ஐபிஎம் பிசியின் கீபோர்டில் ஒரு ஸ்பிரிங் சட்டென்று மடிந்து 'டக்' என்று சொல்லும். 1980களில் வந்த செர்ரி எம்எக்ஸ் வரிசையின் நீல சுவிட்ச், இதே தகவலைச் சொல்வதற்கு உள்ளே ஒரு தனி உறுப்பையே வைத்திருக்கிறது. அதாவது நீல சுவிட்சின் கிளிக் பழுதும் இல்லை, தரக்குறைவும் இல்லை. திட்டம் போட்டு வைத்த ஒலி. எடுக்கிறவர் எதை எடுக்கிறோம் என்று தெரிந்து எடுக்க வேண்டும்.

ஒரு சுவிட்சைப் பிரித்துப் பார்த்தால்

எம்எக்ஸ் வகை சுவிட்ச் ஒன்றில் ஐந்தே பாகங்கள்: கீழ் ஓடு, மேல் ஓடு, நடுவில் மேலும் கீழும் போகும் தண்டு, அதைத் தூக்கி நிறுத்தும் ஸ்பிரிங், பக்கவாட்டில் ஒரு ஜோடி மெல்லிய உலோகத் தகடு. தண்டின் தலையில் கூட்டல் குறி மாதிரி ஒரு அமைப்பு இருக்கும். கீகேப் அதில்தான் உட்காரும். தண்டு கீழே இறங்கும்போது தகடுகள் ஒன்றையொன்று தொடும், கம்ப்யூட்டருக்கு 'அழுத்தியாச்சு' என்று செய்தி போகும். சிவப்பு சுவிட்சில் மொத்தப் பயணம் 4 மில்லிமீட்டர், செய்தி போவது 2 மில்லிமீட்டரில். பாதி தூரத்திலேயே வேலை முடிந்துவிடுகிறது. மீதிப் பாதி சும்மா போகிற தூரம்தான்.

நீல சுவிட்சில் தண்டு இரண்டு துண்டு. நீலத் தண்டின்மேல் ஒரு சின்ன வெள்ளை வளையம் தளர்வாக மாட்டியிருக்கும். அழுத்தும்போது அந்த வளையம் தகட்டின் மேட்டில் ஒரு கணம் தடுக்கி நிற்கும். மேட்டைத் தாண்டியதும் கீழே பாய்ந்து மோதும். 'கிளிக்' என்பது அந்த மோதல்.

இப்போது கையில் கீபோர்டு இருந்தால் இதைச் செய்து பாருங்கள். ஒரு விசையை ரொம்ப மெதுவாக அழுத்தி, கிளிக் கேட்டவுடன் நிறுத்துங்கள். அடிவரை போகாதீர்கள். கேட்டது முதல் சத்தம். அங்கிருந்து சட்டென்று அடிவரை அழுத்துங்கள், 'தொக்' என்று கேட்கும். தண்டு கீழ் ஓட்டில் இடிப்பது இரண்டாவது சத்தம். அப்படியே பிடித்துக்கொண்டு, விரலைச் சட்டென்று பக்கவாட்டில் வழுக்கி விடுங்கள். ஸ்பிரிங் தண்டை மேலே தள்ளி, அது மேல் ஓட்டில் இடிப்பது மூன்றாவது சத்தம். வேகமாக டைப் அடிக்கும்போது மூன்றும் ஒன்றாகக் கலந்து ஒரே தட்டலாகக் கேட்கும். காதைக் கிட்டே வைத்தால் ஸ்பிரிங் அதிர்கிற மெல்லிய 'ணிங்' ஒன்றும் கேட்கும். பக்கத்து அறைக்கு அது போகாது, அதனால் கணக்கில் சேர்க்கவில்லை.

கடையில் சொல்லும் பல வைத்தியங்களை இந்த மூன்றை வைத்து எடை போடலாம்.

கீகேப்புக்குக் கீழே மாட்டும் ரப்பர் வளையம் மலிவானது. அது இரண்டாவது சத்தத்தை மட்டும் குறைக்கும். முதலும் மூன்றும் அப்படியே இருக்கும். நீல சுவிட்சுக்கு அதைப் போட்டு 'ஒண்ணும் ஆகலையே' என்று சொல்பவர்கள் சொல்வது சரிதான்.

நீலத்தை எடுத்துவிட்டு சிவப்பு சுவிட்ச் போட்டால் கிளிக் போய்விடும். இரண்டாவதும் மூன்றாவதும் இருக்கும். 'லீனியர்' என்ற சொல்லை 'சத்தமில்லாதது' என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். தடுக்கல் இல்லாமல் ஒரே சீராக இறங்கும் என்பதுதான் அதன் பொருள். சத்தத்தைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

'சைலன்ட்' என்று போட்ட சுவிட்சில் கிளிக் வளையம் கிடையாது. தண்டின் கீழ்ப்பக்கமும் மேல்பக்கமும், ஓட்டில் இடிக்கும் இடங்களில், சின்ன ரப்பர் திண்டுகள் இருக்கும். மூன்று சத்தத்தையும் தொடுவது இது ஒன்றுதான். அந்தத் திண்டுகளுக்கு இடம் வேண்டும் என்பதால் பயணம் கொஞ்சம் குறையும். செர்ரியின் சைலன்ட் ரெட் சுவிட்சில் மொத்தம் 3.7 மில்லிமீட்டர், செய்தி போவது 1.9ல்.

மேசையும் ஒரு வாத்தியம்

பள்ளிக்கூடத்தில் இசைக்கவை சோதனை செய்திருப்பீர்கள். தட்டிக் கையில் பிடித்தால் சத்தம் கேட்கவே கேட்காது. அதன் காலை மேசைமேல் ஊன்றினால் வகுப்பு முழுக்கக் கேட்கும். இசைக்கவை காற்றைத் தள்ளும் பரப்பு ரொம்பச் சின்னது. மேசை பெரியது. வீணைக்குக் குடம் எதற்கோ, இங்கே மேசை அதற்கு.

கீபோர்டு தட்டலும் அப்படித்தான். சுவிட்ச் இடிக்கும் அதிர்வு சர்க்யூட் பலகைக்குப் போகிறது, அங்கிருந்து பெட்டிக்கு, பெட்டியின் கால் வழியாக மேசைக்கு. காலியான பிளாஸ்டிக் பெட்டியும் மெல்லிய பிளைவுட் மேசையும் சேர்ந்தால் இரண்டாவது சத்தம் நன்றாகப் பெருகும். இதற்கு வைத்தியம் வீட்டிலேயே இருக்கிறது. பழைய ஜமக்காளத் துண்டையோ தடித்த துண்டையோ நாலாக மடித்துக் கீபோர்டுக்குக் கீழே போட்டுப் பாருங்கள். செலவில்லை. சத்தத்தின் 'கனம்' குறைவது உடனே தெரியும். கிளிக் மட்டும் குறையாது. அது நேராகக் காற்றில் போகிறது, மேசையை நம்பி இல்லை.

இந்த இரண்டு வழியும் வெவ்வேறு என்பது முக்கியம். கிளிக் கூர்மையான ஒலி. மூடிய கதவும் கனமான சுவரும் அதை நன்றாகத் தடுக்கும். 'தொக்' என்பது மந்தமான ஒலி. மேசைக் கால் வழியாகத் தரைக்கும் சுவருக்கும் இறங்கிப் போகக்கூடியது. எனவே உங்கள் வீட்டில் தொந்தரவு யாருக்கு, அவர் எங்கே படுக்கிறார் என்பதைப் பொறுத்து வைத்தியம் மாறும்.

தறிச் சத்தத்தில் தூக்கம் வரும், கீபோர்டில் வராது. ஏன்?

நான் இருப்பது ஓரிக்கையில். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகிற வழியில், பாலாற்றைத் தாண்டுவதற்கு முன்னால். ஊர்ப் பெயருக்கே ஒரு ராத்திரிக் கதை உண்டு. திருமழிசை ஆழ்வாரும் கணிகண்ணனும் காஞ்சியை விட்டுக் கிளம்ப, பெருமாளும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே வந்து ஒரு இரவு தங்கிய இடம் இது. 'ஓர் இரவு இருக்கை'தான் ஓரிக்கை ஆனது என்பார்கள். கதை எப்படியோ, காஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களைப் போல இங்கேயும் தறி இல்லாத தெரு அபூர்வம். ராத்திரி அமைதியாக இருக்கும். பகல் அப்படி இருக்காது.

எங்கள் அம்மா வாழ்நாளில் பெரும்பகுதி தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தார் சுற்றியவர். பக்கத்து வீட்டில் தறி ஓடும்போது மதியம் பாயைப் போட்டால் ஐந்து நிமிஷத்தில் தூங்கிவிடுவார். நாடா போகும் சத்தம், பலகை அடிக்கும் சத்தம், ஜக்கார்டு பெட்டி ஏறி இறங்கும் சத்தம் எல்லாம் தாலாட்டு மாதிரி. அதே அம்மா ராத்திரி என் கீபோர்டு சத்தத்தில் விழித்துக்கொண்டார்.

"என்னடா தம்பி, பல்லி கத்தற மாதிரி டிக்கு டிக்குன்னு? எப்ப நிக்கும் எப்ப ஆரம்பிக்கும்னு காத்துக்கிட்டே இருக்கேன். அப்புறம் எங்க தூக்கம் வர்றது?"

தறி கீபோர்டைவிடப் பல மடங்கு சத்தம். அளவுதான் பிரச்சினை என்றால் அம்மா மதியம்தான் விழித்திருக்க வேண்டும். இதை யோசித்ததில் மூன்று காரணம் தெரிந்தது.

முதலாவது, சீர். தறிக்குத் தாளம் உண்டு. அடுத்த அடி எப்போது விழும் என்று மூளைக்கு முன்கூட்டியே தெரியும், அதனால் அதைக் கவனிப்பதை விட்டுவிடுகிறது. மாறாமல் திரும்பத் திரும்ப வரும் தூண்டலுக்குப் பழகிப்போவது எல்லா உயிருக்கும் பொதுவான குணம். புரோகிராம் எழுதுகிற ஆளின் டைப்பிங்குக்குத் தாளம் கிடையாது. இருபது விசை மழை மாதிரி, பிறகு ஒரு நிமிஷம் யோசனை, பிறகு ஒரே ஒரு என்டர் 'டொக்'. அம்மா சொன்ன 'காத்துக்கிட்டே இருக்கேன்' இதுதான்.

இரண்டாவது, பின்னணி. ஒரு சத்தம் எவ்வளவு துருத்திக்கொண்டு தெரியும் என்பது சுற்றியிருக்கும் சத்தத்தைப் பொறுத்தது. மின்விசிறி ஓடும் மாதங்களில் அம்மா அதிகம் விழிக்கவில்லை. மார்கழியில் விசிறி நின்றதும்தான் புகார் வந்தது. என் கீபோர்டு மாறவில்லை. அதை மூடியிருந்த போர்வை விலகிவிட்டது.

மூன்றாவது, வீடு. பழைய ஓட்டு வீடு. அறைக்கு நடுவில் உள்ள சுவர் கூரைவரை போகாது. மேலே ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் திறந்த இடம். காற்றோட்டத்துக்கு அருமையான அமைப்பு. கூர்மையான கிளிக்கைச் சுவர் தடுத்திருக்கும், ஆனால் அது சுவருக்கு மேலேயே ஏறிப் போய்விடுகிறது. ஆகவே எனக்கு முதல் எதிரி கிளிக். ஜமக்காளம் மட்டும் போதாது என்பது இங்கே முடிவாகிவிட்டது.

எண்ணிக்கையில் பார்த்தாலும் இது பொருந்துகிறது. இந்தியாவின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்று வரம்பு வைக்கின்றன. இவை தெருவைப் பார்த்து எழுதிய சராசரிகள். உலக சுகாதார நிறுவனம் 1999ல் வெளியிட்ட வழிகாட்டுதல் படுக்கையறைக்குள் வந்து இரண்டு எண் தருகிறது: தொடர்ந்து இருக்கும் சத்தம் 30 டெசிபலைத் தாண்டக்கூடாது, தனித்தனியாக வந்து போகும் சத்தத்தின் உச்சம் 45ஐத் தாண்டக்கூடாது. தூக்கத்தைக் கெடுப்பதில் சராசரி வேறு, உச்சம் வேறு என்பதை அந்த இரண்டாவது எண் ஒப்புக்கொள்கிறது. கீபோர்டு முழுக்க முழுக்க உச்சங்களால் ஆனது. சராசரி எடுத்தால் ஒன்றுமே இல்லாத மாதிரி தெரியும்.

இன்னொரு கணக்கும் உதவும். காதுக்கு 'பாதியாகக் குறைந்தது' என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் குறைய வேண்டும். திறந்த வெளியில் தூரத்தை இரட்டிப்பாக்கினால் 6 டெசிபல் குறையும். அறைக்குள் சுவர்கள் எதிரொலிப்பதால் அவ்வளவுகூடக் குறையாது. எனவே மேசையை அறையின் மறுகோடிக்கு நகர்த்துவது உதவும், ஆனால் தீர்த்துவைக்காது. மூலத்தில் குறைப்பதுதான் வழி.

எந்த சுவிட்ச் வாங்குவது?

செர்ரியின் அடிப்படைக் காப்புரிமைகள் 2014 வாக்கில் காலாவதியான பிறகு சீனாவிலிருந்து கேட்டரான், கைல், ஔடெமு என்று பல பெயர்களில் அதே அளவு சுவிட்சுகள் பெருகிவிட்டன. பெரும்பாலானவற்றின் தலை ஒரே கூட்டல் குறி என்பதால் பழைய கீகேப்பை அப்படியே போடலாம். தேர்வு செய்ய மூன்று விஷயம் பார்த்தால் போதும்.

ஒன்று, சைலன்ட் லீனியரா, சைலன்ட் டாக்டைலா? லீனியர் தடுக்கல் இல்லாமல் இறங்கும். டாக்டைல் நடுவில் ஒரு மேடு காட்டும், ஓசை இல்லாமல். நீல சுவிட்சில் பல வருஷம் பழகிய விரலுக்கு அந்த மேடு வேண்டும். நான் டாக்டைல் எடுத்தேன். காதுக்குப் போன தகவலை விரலுக்கு மாற்றிக்கொள்வது மாதிரி.

இரண்டு, எடை. செர்ரி பட்டியலில் நீலம் 60 சென்டிநியூட்டன், சைலன்ட் ரெட் 45. எடை குறைந்தால் விரல் அடிவரை வேகமாகப் போய் இடிக்கும். ரொம்ப இலேசானது எடுத்தால் ரப்பர் திண்டுக்கு வேலை அதிகம்.

மூன்று, கால்கள். சில சுவிட்சுக்கு இரண்டு உலோகக் காலும் நடுவில் ஒரு தடித்த பிளாஸ்டிக் காலும் இருக்கும். அது மூன்று கால் வகை. இன்னும் இரண்டு சின்ன பிளாஸ்டிக் முளைகள் சேர்ந்தால் ஐந்து கால். போர்டில் அந்த ஓட்டை இல்லையென்றால் இரண்டு முளையையும் நகவெட்டியால் வெட்டிவிடலாம், ஒன்றும் ஆகாது. ஆனால் உலோகக் காலின் தடிமனைக் கவனியுங்கள். விலை குறைந்த சில ஹாட்ஸ்வாப் போர்டுகளின் துளை ஔடெமுவின் மெல்லிய காலுக்கென்றே செய்தது. மற்ற கம்பெனி சுவிட்ச் அதில் இறங்காது, பலவந்தப்படுத்தினால் துளை கெட்டுப்போகும்.

எண்ணிக்கை 104 என்றால் 110 வாங்குங்கள். நான்கைந்து கால் வளைந்து போகும்.

மாற்றும் வேலை

உங்கள் போர்டு ஹாட்ஸ்வாப் வகை என்றால் அரைமணி வேலை. யூஎஸ்பி கேபிளைக் கழற்றுங்கள். கீகேப்புகளைக் கழற்றும் முன் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். சுவிட்சின் மேலும் கீழும் உள்ள பிடிகளைக் கவ்வியால் அமுக்கி, ஆட்டாமல் நேர்குத்தாக இழுங்கள். புதியதைப் போடும் முன் இரண்டு காலும் நேராக இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் பாருங்கள். வளைந்த காலோடு அழுத்தினால் அது உள்ளே மடங்கி, அந்த விசை வேலை செய்யாது. பெட்டியைத் திறக்க முடிந்தால், அழுத்தும்போது பின்பக்கம் சாக்கெட்டை விரலால் தாங்கிக்கொள்ளுங்கள். சாக்கெட் போர்டோடு ஒட்டியிருப்பது இரண்டு சின்ன சால்டர் திட்டுகளால்தான்.

சால்டர் செய்த போர்டு என்றால் பொறுமை வேண்டும். டிவிஎஸ் கோல்டு இந்த வகைதான். நான் பிரித்ததும் சால்டர் போர்டுதான். 104 சுவிட்ச், ஆளுக்கு இரண்டு கால், மொத்தம் 208 இணைப்பு. ஒவ்வொன்றையும் உருக்கி உறிஞ்சி எடுக்க வேண்டும். ஒரு நாளில் முடிக்க நினைக்க வேண்டாம். ராத்திரிக்கு ஒரு வரிசை என்று வைத்துக்கொண்டேன்.

தேவையானவை: வெப்பம் மாற்றக்கூடிய சால்டரிங் அயர்ன், டீசால்டரிங் பம்ப், 60/40 சால்டர், ஃப்ளக்ஸ். எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் ஒரே கடையில் கிடைக்கும். அயர்ன் 350 டிகிரி அளவில் இருக்கட்டும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பழைய இணைப்பை நேராக உறிஞ்சப் பார்க்காதீர்கள். முதலில் அதன்மேல் கொஞ்சம் புது சால்டர் விடுங்கள். எடுக்க வந்த இடத்தில் சேர்ப்பதா என்று தோன்றும். இப்போதைய ஃபேக்டரி இணைப்புகள் பெரும்பாலும் ஈயமில்லாதவை, அவை உருக 217 டிகிரி வேண்டும். 60/40 சால்டர் 190க்குள் உருகிவிடும். இரண்டும் கலந்தால் உருகுநிலை இறங்கி, மொத்தமும் தண்ணீர் மாதிரி ஓடும். பம்ப் ஒரே இழுப்பில் எடுத்துவிடும். உறிஞ்சிய பிறகு காலை மெல்ல ஆட்டிப் பாருங்கள். துளைக்குள் தளர்வாக அசைந்தால் வந்துவிடும். அசையவில்லை என்றால் மறுபடி புது சால்டர், மறுபடி பம்ப். ஒருபோதும் பலவந்தமாக இழுக்காதீர்கள். காலோடு செம்புத் திட்டும் பெயர்ந்து வந்தால் வயர் போட்டு ஒட்டவைக்க வேண்டியிருக்கும்.

ஜன்னலைத் திறந்து வையுங்கள். சால்டரில் ஈயம் இருக்கிறது, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சாப்பாடு. சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் சால்டர் உருண்டைகள் தரையில் கிடக்கக்கூடாது.

ஒரு வரிசை முடிந்ததும் கேபிளைச் செருகி அந்த வரிசையைச் சோதித்துவிடுங்கள். கடைசியில் மொத்தமாகச் சோதித்தால் தவறு எங்கே என்று தேடுவது பெரிய வேலை.

பெரிய விசைகளைத் தனியாகக் கவனிக்க வேண்டும்

எல்லா சுவிட்சையும் மாற்றிய பிறகும் ஸ்பேஸ் பார் 'கடகட' என்று பேசும். என்டர், ஷிப்ட், பேக்ஸ்பேஸும் அப்படித்தான். நீளமான விசை ஒரு பக்கம் சாயாமல் இறங்க, கீழே ஸ்டெபிலைசர் என்று ஒரு கம்பி இருக்கும். அந்தக் கம்பி தன் பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஆடுவதுதான் சத்தம். மற்ற விசைகள் அமைதியானதும் இது மட்டும் தனியாகத் தெரியும். கம்பி முனைகளில், கூட்டுக்குள் நுழையும் இடத்தில், கெட்டியான சிலிகான் கிரீஸ் கொஞ்சம் வைத்தால் ஆட்டம் அடங்கும்.

வீட்டில் இருக்கிறதே என்று தையல் மெஷின் எண்ணெயையோ தேங்காய் எண்ணெயையோ விடாதீர்கள். நீர்த்த எண்ணெய் ஊர்ந்து சுவிட்சின் தகடுகளுக்குப் போகும், தூசியையும் சேர்த்துப் பிடிக்கும். தேங்காய் எண்ணெய் மார்கழியில் உறைந்தும் போகும்.

என்ன கிடைத்தது, என்ன போனது

கிளிக் முழுக்கப் போனது. 'தொக்' இருக்கிறது, ஆனால் துணிமேல் தட்டின மாதிரி. ஜமக்காளமும் சேர்ந்ததால் மேசைக்கு இறங்குவது குறைந்தது. அம்மா இப்போது ராத்திரியில் விழிப்பதில்லை. ஆனால் நான் கான்பரன்ஸ் காலில் பேசினால் விழிக்கிறார். அதற்கு சுவிட்ச் கிடையாது.

போனதும் உண்டு. சைலன்ட் சுவிட்ச் அடியில் தொடும்போது கொஞ்சம் மெத்தென்று இருக்கும். இட்லியை அழுத்துவது மாதிரி என்றான் ஒரு நண்பன். அது ரப்பர் திண்டின் விலை, தப்ப முடியாது. முதல் வாரம் விசை பதிந்ததா என்று சந்தேகப்பட்டு அடிவரை குத்தினேன். பிறகு விரல் மேட்டை நம்பக் கற்றுக்கொண்டது.

இன்னொரு வழியும் இருக்கிறது. சுவிட்சை மாற்றாமலே சத்தத்தைக் குறைப்பது. விசையைக் குறைவாக அழுத்தினால் சத்தமும் குறைவு. தமிழ் எழுதுகிறவர்களுக்கு இது வெறும் வேடிக்கை இல்லை. 'தமிழ்' என்று ரோமன் எழுத்தில் ஒலிபெயர்த்து அடித்தால் ஏழு தட்டு. 1999ல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 முறையில் த, ம, இ, ழ, புள்ளி என்று ஐந்து. 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என்று நாலே தட்டு, நடுப் புள்ளி தானாக விழும். ஷிப்ட் தேவைப்படுவதும் பெரும்பாலும் கிரந்த எழுத்துக்குத்தான். கம்பி ஆடும் விசைகளில் ஒன்றைத் தொடாமலே பக்கம் பக்கமாக எழுதலாம். விரல் வலிக்கும் நல்லது.

கடைசியாக, செய்யும் வரிசை. முதலில் யாருக்கு, எந்த அறையில், எந்தச் சத்தம் கேட்கிறது என்று அவர் படுக்கும் இடத்தில் நீங்கள் படுத்துக்கொண்டு, வேறு யாரையாவது டைப் அடிக்கச் சொல்லிக் கேளுங்கள். விசிறியை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். கேட்பது 'தொக்' மட்டும் என்றால் ஜமக்காளத்தோடு நிறுத்துங்கள். 'கடகட' என்றால் கிரீஸ் போதும். 'கிளிக்' கேட்டால் மட்டும் சுவிட்சுக்குப் போங்கள், போனால் 'சைலன்ட்' என்று போட்டதையே வாங்குங்கள். கழற்றிய நீல சுவிட்சுகளைத் தூக்கிப் போட வேண்டாம். ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். பகலில், ஆள் நடமாட்டம் உள்ள ஆபீசில், அவை இன்னும் பல வருஷம் உழைக்கும்.